ஐஸ் எடுக்கப் போன நேரம்

வில்லாரிகா ஊரில் பெரிய கோயிலுக்குப் பின்தெருவில், ஓடு வேய்ந்த நீளமான வீடு ஒன்றில் சுனில்டா தனியாக இருந்தாள். வீட்டின் முன்பக்கம் வரிசையாக அறைகள். எல்லாவற்றிலும் கட்டில் உண்டு, மெத்தை உண்டு, வெளுத்த விரிப்பு உண்டு. படுக்கத்தான் ஆள் இல்லை. சுனில்டா படுப்பது அடுக்களைக்குப் பின்னால், அரிசி மூட்டையும் விறகும் வைக்கக் கட்டிய சின்ன அறையில். அறுபதை நெருங்கும் வயதிலும் ஒரு நாள்கூட அவள் முன்னறைக் கட்டிலில் முதுகைச் சாய்த்ததில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பழகின இடத்துலதானே தூக்கம் வரும்" என்று சொல்ல பதில் தயாராக வைத்திருந்தாள். கேட்கத்தான் யாரும் வரவில்லை.

காலையில் எழுந்ததும் முன்னறை ஜன்னல்களைத் திறப்பாள். காற்று வரவேண்டும், இல்லாவிட்டால் மெத்தை நாறிவிடும். மதியம் வெயில் ஏறியதும் மூடுவாள். நடுவில் பெருக்குவாள், பக்கத்துத் தெருக்காரர்கள் கொண்டுவந்து போடும் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவாள். கறை எடுப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒயின் கறை, இரும்புக் கறை, மாங்காய்ப் பால் எதுவானாலும், "ஞா சுனிகிட்ட குடு, போயிடும்" என்பார்கள். அந்த ஊரில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்க முன்னால் ஒரு 'ஞா' போடுவது வழக்கம். துணி கொடுக்கிறவர்களும் வாசலோடு போய்விடுவார்கள். பிறகு அவள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தெரரே குடிப்பாள், தனியாக.

தனியாகத் தெரரே குடிப்பதைப் பார்த்தால் அந்த ஊரில் யாருக்கும் மனசு கஷ்டப்படும். அது தனியாளுக்கான பானம் இல்லை. மாட்டுக்கொம்பில் செய்த ஒரு கோப்பை, அதில் முக்கால் பங்கு யெர்பா இலைத்தூள், உறிஞ்ச ஓர் உலோகக் குழல், பக்கத்தில் ஐஸும் இடித்த மூலிகையும் போட்ட தண்ணீர் ஜாடி. வட்டத்தில் இருப்பவர்களிலேயே சின்ன வயதுக்காரர் ஊற்றவேண்டும். முதல் ஊற்று புனித தோமாவுக்கு; அதை யாரும் குடிப்பதில்லை, இலையே குடித்துக்கொள்ளும். அடுத்ததிலிருந்து ஒவ்வொருவராக உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவார்கள். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒரே கோப்பை, ஒரே குழல். மேயரும் குடிப்பார், அவர் காரைக் கழுவுகிறவனும் குடிப்பான். எச்சில் பார்க்கிறவனுக்கு அங்கே இடமில்லை. குழலைத் துடைத்துவிட்டுக் குடிப்பது பக்கத்தில் இருப்பவனை முகத்தில் அறைந்தது மாதிரி. அப்படிச் செய்தவனை அப்புறம் எந்த வட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

சுனில்டா இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது இருக்கும். காசாபா பக்கத்துக் காட்டு கிராமத்திலிருந்து அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வீட்டில் பிள்ளைகள் அதிகம், மரவள்ளிக்கிழங்கு குறைவு. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுபோய் டவுன் குடும்பத்தில் விடுவது அந்தக் காலத்தில் ஊரோடு ஒத்த வழக்கம். பெண் வீட்டு வேலை செய்யும், அவர்கள் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். வீட்டுக்காரி தோன்யா எர்மெலிந்தா சிறுமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னை ஞானத்தாய்னு கூப்பிடு" என்றாள். சிறுமியின் ஞானஸ்நானம் காசாபாவில் எப்போதோ நடந்து முடிந்த விஷயம், அங்கே வேறு ஒரு ஞானத்தாய் இருந்தாள். அதைச் சொல்ல சுனில்டாவுக்குத் தைரியம் வரவில்லை. அம்மா வருடத்துக்கு ஒருமுறை ஒரு கோழியோடு வந்தாள். ஒரு வருடம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அந்த வீட்டில் மிர்த்தா என்று ஒரு மகள் இருந்தாள், சுனில்டாவைவிடச் சின்னவள். முறைப்படி பார்த்தால் மாலை வட்டத்தில் ஊற்றவேண்டியது மிர்த்தாதான். ஆனால் வந்த முதல் வாரம் தோன்யா எர்மெலிந்தா ஜாடியை சுனில்டாவின் கையில் கொடுத்துச் சொன்னாள்:

"இந்த வீட்டுக்குக் கடைசியா வந்தவ நீ. அப்போ நீதான் கடைக்குட்டி. நீ ஊத்து."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் சுனில்டா ஐம்பது வருடம் ஓட்டினாள் என்றால் நம்பமுடியாது. ஆனால் அதுதான் உண்மை. விடியுமுன் அடுப்பு மூட்டியபோதும், நாலாம் வகுப்போடு பள்ளி நின்றபோதும், பெண் கேட்டு வந்த பஸ் டிரைவரை ஞானத்தாய், "இவ போயிட்டா என்னை யாரு பாத்துக்குவா" என்று திருப்பி அனுப்பியபோதும் அவள் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டாள். வேலைக்காரியாக இருந்தால் தனி டம்ளர் கொடுத்திருப்பார்கள். அவள் வட்டத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் குடித்த குழலில், கடைசி ஆளாக, அவளும் குடித்தாள். இலை வெளுத்துச் சாரமே இல்லாமல் இருக்கும், பரவாயில்லை. ஊற்றுகிறவள் பாடு அப்படித்தான். அவள் குடித்து முடித்ததும் ஞானத்தாய், "ஐஸ் கொண்டு வா, கடைக்குட்டி" என்பாள். அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அடுத்த சுற்று ஆரம்பமாகும்.

தோன்யா எர்மெலிந்தா சுனில்டாவின் மடியில்தான் கண்ணை மூடினாள். மிர்த்தா ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். அங்கே யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிடுவாள், வீட்டைப் பற்றிக் கேட்பாள். மேற்கூரை ஒழுகுகிறதா, ஜன்னல் திறக்கிறாயா, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு ஜனவரி மாதம், மிர்த்தாவின் மகள் அராசெலி வந்து இறங்கினாள். தலைநகர் அசுன்சியோனில் அப்பா வீட்டாரிடம் வளர்ந்தவள், சினிமா படிப்பவள். ஒரு குறும்படம் எடுக்கப் போகிறாளாம். இப்படிக் கொண்டுவிடப்பட்ட ஒரு சிறுமி வளர்ந்து ஆளான கதை.

"வீடு வேணும், ஞா சுனி. வாடகை குடுக்க எங்ககிட்ட ஒரு பைசா கிடையாது. அம்மா சரின்னுட்டாங்க. நீங்களும் சரின்னு சொல்லணும்" என்றாள்.

"வீடு உங்க அம்மாவோடது. என்னை எதுக்குக் கேக்குறே?"

"கதை உங்களோடதாச்சே."

சுனில்டா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "படிச்சுக் காட்டு" என்றாள்.

அராசெலி தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். மாலை வட்டம் வரும் இடத்தில் சிறுமி எல்லோருக்கும் ஊற்றுகிறாள், தான் குடிப்பதில்லை. அடுக்களையில் ஒரு தகர டம்ளரில் தண்ணீர் குடிக்கிறாள் என்று இருந்தது. சுனில்டா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது தப்பு. நான் குடிச்சேன்."

"அதே குழல்லயா?"

"அதே குழல்ல. உங்க பாட்டி, உங்க தாத்தா, உங்க அம்மா, அப்புறம் நான். நான் இந்த வீட்டுக் கடைக்குட்டி. படம் எடுத்துக்கோ, வீட்டையும் எடுத்துக்கோ. ஆனா என்னை வேலைக்காரியா காட்டக் கூடாது. வாக்குக் குடு."

அராசெலி தயங்கினாள். இப்படி வளர்ந்தவர்களில் அவள் பேசிப் பார்த்த மற்ற பெண்கள் எல்லோரும் தகர டம்ளரைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவள் முகத்தைப் பார்த்து மறுக்க மனசு வரவில்லை. வாக்குக் கொடுத்தாள்.

பணம் திரட்ட ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ் விற்றார்கள். அந்த ஊரில் ஆஸ்பத்திரிச் செலவானாலும் கால்பந்துக் குழுவுக்குச் சட்டை தைப்பதானாலும் தட்டுத் தட்டாகச் சாப்பாடு விற்றுத்தான் காசு சேர்ப்பது. சுனில்டாதான் அண்டா அண்டாவாகச் சமைத்தாள். தெருவே வாங்கித் தின்றது. கேமரா இரவல். கேமராவை உருட்டிக்கொண்டு போக கோயிலிலிருந்து ஒரு சக்கர நாற்காலி. மைக்கைக் கட்டியது சுனில்டாவின் விளக்குமாற்றுக் கழியில். வெளிச்சத்தைத் தணிக்க ஜன்னலுக்கு முன்னறை விரிப்பு. கேமரா பிடிக்க தெர்லிஸ் என்று ஒரு பையன். கல்யாண வீடியோ எடுப்பவன், கண்ணீர் வரும் இடமெல்லாம் கிட்டப்போய் எடுக்கவேண்டும் என்பது அவன் கொள்கை.

வந்தவர்கள் எல்லோரும் முன்னறைகளில் படுத்தார்கள். அந்த ஒரு வாரமும் சுனில்டாவுக்கு ஜன்னல் திறப்பது ஞாபகமே வரவில்லை, அவர்களே திறந்துகொண்டார்கள். குளியலறைக்கு வரிசை நின்றது. யாரோ பாடினார்கள், யாரோ செருப்பைத் தொலைத்தார்கள். சுனில்டா காலையில் எல்லோருக்கும் பால் கலந்த கருக்கிய யெர்பாவும் கிழங்குமாவு அடையும் கொடுத்தாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. சந்தோஷம் என்று வெளியே காட்டிக்கொள்ளாமல், "இத்தனை பேருக்கு யாரு பாத்திரம் தேய்க்கிறது" என்று முணுமுணுத்தாள்.

சிறுமியாக நடிக்க ஜெருத்தி வந்தாள், பக்கத்துத் தெரு ரொட்டிக்காரர் மகள். முன்பல் விழுந்த வாய், ஓயாத கேள்வி. மிர்த்தாவாக நடிக்க இன்னும் சின்னதாக ஒரு பெண். தோன்யா எர்மெலிந்தாவாக நடிக்க ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை நிமியா. புனித வாரத்து நாடகத்தில் வருடா வருடம் பிலாத்துவின் மனைவியாக வருபவள், காசு வாங்காமல் நடிக்க ஒப்புக்கொண்டாள். பழைய குடும்பத்துப் பெண், நல்லவள். வந்ததுமே சுனில்டாவைக் கட்டிப்பிடித்து, "உங்க ஞானத்தாயை எனக்கு நல்லாத் தெரியும். என்ன கம்பீரம்" என்றாள்.

"தோள்ல எப்பவும் ஒரு துண்டு போட்டிருப்பாங்க. வெள்ளைல, ஓரத்துல பூ பின்னினது. வியர்வை துடைக்க" என்றாள் சுனில்டா. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நிமியாவின் தோளில் போட்டு, மடிப்பைச் சரிசெய்தாள். தள்ளி நின்று பார்த்தவள், மறுபடி கிட்டப் போய் இன்னொரு தடவை நீவிவிட்டாள்.

வட்டம் எடுக்கும் நாள் நல்ல வெயில். தாழ்வாரத்தில் நாற்காலிகளைப் போட்டார்கள். முதல் தடவை எடுத்தபோது ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தர்பூசணி விற்றுக்கொண்டு தெருவில் போனது. இரண்டாவது தடவை சேவல். தெர்லிஸ் ஒரு கல்லைத் தேடினான், சுனில்டா அவன் காதைத் திருகினாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஞா சுனி, நீங்க இங்க கேமரா பக்கத்துல நில்லுங்க. சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் அராசெலி.

மூன்றாவது தடவை எல்லாம் கூடிவந்தது. ஜெருத்தி முதல் ஊற்றைப் புனித தோமாவுக்கு விட்டாள். பிறகு நிமியாவுக்கு, தாத்தாவாக உட்கார்ந்த ஒலிப்பதிவுக்காரருக்கு, குட்டி மிர்த்தாவுக்கு. கடைசியில் தனக்கு ஊற்றி, கண்ணை மூடி உறிஞ்சினாள். சுனில்டா தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித்தான், இப்படியேதான் என்று அவள் உதடு அசைந்தது.

"ஐஸ் கொண்டு வா, கடைக்குட்டி" என்றாள் நிமியா.

ஜெருத்தி கோப்பையை நிமியாவின் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு ஜாடியோடு ஓடினாள். காட்சி அங்கே முடியவேண்டும். அராசெலி ஏனோ நிறுத்தச் சொல்லவில்லை, அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்ததோ என்னவோ. யாரும் நிறுத்தச் சொல்லாததால் நிமியாவும் நடிப்பிலேயே இருந்தாள். தெருப்பக்கம் பார்த்துக்கொண்டே கோப்பையை எடுத்தாள். தோளில் கிடந்த துண்டின் முனையை இழுத்துக் குழலின் வாயில் வைத்து ஒரு திருகு திருகினாள், மறுபடி ஒரு திருகு. துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோளில் விட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள். குட்டி மிர்த்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுக்களையில் ஜெருத்தி ஐஸை உடைக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைத்தான் சுனில்டா முதலில் கவனித்தாள். வாழ்நாள் முழுவதும் அவள் எழுப்பிய சத்தம் அது. சிறுமி ஐஸ் எடுக்கப் போன பிறகு தாழ்வாரத்தில் என்ன நடக்கும் என்று இன்றுதான் நின்று பார்க்கிறாள். அவள் என்றைக்கும் அடுக்களையில் அல்லவா இருந்தாள்.

"கட்" என்றாள் அராசெலி மெதுவாக. "டீச்சர், அது எதுக்கு?"

"எது?"

"குழலைத் துடைச்சீங்களே. எழுதினதுல இல்லையே."

"துடைச்சேனா?" நிமியா தன் கையைப் பார்த்தாள். "தெரியலம்மா. கை தானாப் போயிருக்கு. எங்க வீட்ல அம்மா எப்பவும் இந்த..." என்று ஆரம்பித்தவள் சுனில்டாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நெற்றி வரை சிவந்துபோனாள்.

சுனில்டாவுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. ஞானத்தாயின் துண்டுகளில் ஒரு மூலையில் மட்டும் பச்சைக் கறை இருக்கும். வாரா வாரம் இருக்கும். யெர்பாக் கறை லேசில் போகாது. நார்த்தங்காய்ச் சாறு தேய்த்து, ஈரத்தோடு புல்மேல் விரித்து, வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளிக்கவேண்டும். கறை எடுக்கும் வித்தையை அவள் கற்றுக்கொண்டதே அந்தத் துண்டுகளில்தான். "உன் கைக்கு எந்தக் கறையும் நிக்காது" என்று ஞானத்தாய் மெச்சுவாள். மெச்சியதில் பூரித்துப்போய் இன்னும் வெளுப்பாகத் துவைத்தாள். வியர்வை துடைக்கும் துண்டில் பச்சை எப்படி வந்தது என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை.

"சூப் அடிப்பிடிச்சுடும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

ஜெருத்தி ஜாடியோடு எதிரே வந்தாள். நடந்ததை யாரோ சொல்லியிருக்கவேண்டும், இல்லை அவளே எட்டிப் பார்த்திருக்கவேண்டும்.

"ஞா சுனி, அந்த டீச்சர் ஏன் நான் குடிச்சப்புறம் துடைச்சாங்க? எனக்குச் சளிகூட இல்லையே."

சுனில்டா குனிந்து அவள் முகத்தைத் தன் ஏப்ரனால் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"உனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

இதை யாராவது தனக்குச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. துடைத்ததே அவளுக்குத் தெரியாதே.

அராசெலி பின்னாலேயே வந்தாள். "ஞா சுனி, துடைக்கிற இடத்தைப் படத்துலேர்ந்து வெட்டி எறிஞ்சிடறேன். குடிக்கிறதோட காட்சி முடிஞ்சிடும். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"சாப்பாடு ஆறுது. எல்லாரையும் கூப்பிடு" என்றாள் சுனில்டா.

சாப்பிட்டு முடித்த நேரம் மிர்த்தா போனில் கூப்பிட்டாள். படப்பிடிப்பைப் பார்க்கவேண்டுமாம். அராசெலி போனைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் காட்டினாள். ஐயோ அந்த நாற்காலி, ஐயோ அந்த மாமரம் என்று மிர்த்தா உருகினாள். சுனில்டா போனை வாங்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள்.

"மிர்த்தா, ஒண்ணு கேக்குறேன். உங்க அம்மா குழலைத் துடைப்பாங்களா?"

"எப்போ?"

"நான் குடிச்சப்புறம்."

"ஆமா" என்றாள் மிர்த்தா, மழை பெய்ததா என்று கேட்டால் சொல்வதுபோல. "அம்மா அப்படித்தானே. ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

மிர்த்தா அவசரமாகச் சொன்னாள்: "உன் முன்னாடி ஒரு நாளும் செய்யமாட்டாங்க சுனி. நீ உள்ள போனப்புறம்தான். ஐஸ் இருந்தாலும் அனுப்புவாங்க. உன் மனசு நோகக் கூடாதுன்னு. அவ்வளவு பிரியம் உன்மேல."

"ஐஸ் இருந்தாலுமா?"

"ஜாடி நிறைய இருக்கும். அப்பா சிரிப்பாரு." பிறகு மிர்த்தாவின் குரல் இறங்கியது. "இங்க நான் பாத்துக்கிற கிழவி இருக்காளே, எனக்குன்னு ஒரு கப் தனியா வச்சிருக்கா. நீலக் கலர். என் கண்ணு முன்னாடியேதான் எடுத்துத் தருவா. எங்க அம்மா எவ்வளவு மேல்னு நான் நினைச்சுக்குவேன்."

சுனில்டாவுக்கு அவள்மீது கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, தூர தேசத்தில் நீலக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னவள்மீது இரக்கமும் வந்தது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல், "கூரை ஒழுகல. ஜன்னல் திறக்குறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எல்லோரும் மதியத் தூக்கம் போட்டிருந்த நேரத்தில் அவள் அலமாரியைத் திறந்தாள். ஞானத்தாயின் துண்டுகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலு மூலையும் பார்த்தாள். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. பஞ்சாய் வெளுத்திருந்தன. அத்தனை வருடத்துச் சாட்சியையும் அவள் கையாலேயே, பாராட்டு வாங்கிக்கொண்டு, அலசி விட்டிருக்கிறாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அது முன்னறைக் கட்டில் என்பது எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அழுததில் பெரிதாக ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஞானத்தாய் அவளை வெறுத்தாளா? இல்லை. காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவளும் அவள்தான். நேசித்தாளா? ஜாடி நிறைய ஐஸ் இருந்தபோதும் ஐஸ் எடுக்க அனுப்பியிருக்கிறாள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைக்க சுனில்டாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: கடைக்குட்டி என்ற சொல் இனி அவளுக்குச் சோறு போடாது.

மறுநாள் காலை அராசெலி தாழ்வாரத்துக்கு வந்தபோது சுனில்டா தன் குட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வெள்ளைத் துண்டு. கோப்பையிலிருந்து ஈர இலையை விரலால் எடுத்துத் துண்டின் ஒரு மூலையில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையில் பச்சை ஊறிப் பரவியது.

"என்ன பண்றீங்க ஞா சுனி?"

"துண்டைக் கிட்டப் போய் எடுங்க. நேத்து எடுத்தது தூரமா இருந்துது, ஒண்ணும் தெரியாது. கிட்டப் போனா கறை தெரியணும்ல."

அராசெலி அப்படியே நின்றாள். "அப்போ அந்தக் காட்சி...?"

"இருக்கட்டும். துடைக்கிறது இருக்கட்டும். அவ ஐஸ் உடைக்கிற சத்தமும் இருக்கட்டும்."

"நான் உங்களுக்கு வாக்கு..."

"வாக்கு நான் கேட்டு வாங்கினது. நானே திருப்பித் தர்றேன்" என்றாள் சுனில்டா. பிறகு, "ஆனா அவ உறிஞ்சுறதை வெட்டிடாதே. நான் குடிச்சேன், அது பொய் இல்ல. பாக்குறவங்களுக்கு ரெண்டும் தெரியட்டும்."

தெர்லிஸ் ஆசை தீர கிட்டப்போய் எடுத்தான். நிமியாவின் கை, துண்டின் முனை, ஒரு திருகு, மறுபடி ஒரு திருகு. இந்த முறை தெரிந்தே செய்யவேண்டியிருந்ததால் நிமியாவுக்கு அது இயல்பாக வரவில்லை. பல தடவை எடுக்கவேண்டியிருந்தது. முடிந்ததும் அவள் சுனில்டாவிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நல்லா நடிச்சீங்க டீச்சர்" என்று சுனில்டா முந்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கவிட்டால் பதில் சொல்லவேண்டி வரும்.

கடைசி நாள் மூட்டை கட்டினார்கள். சக்கர நாற்காலி கோயிலுக்குப் போனது, விளக்குமாறு மறுபடி விளக்குமாறானது. அராசெலி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. போகும்போது துண்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"நல்ல துண்டைக் கெடுத்துட்டோம். இந்தக் கறை போயிடுமா?"

"போகும். நார்த்தங்காயும் ஒரு நாள் வெயிலும் போதும்."

"படம் முடிஞ்சதும் இங்கதான் முதல்ல காட்டுவோம், இந்தத் தாழ்வாரத்துல, ஒரு விரிப்பைக் கட்டி. தெரு முழுக்கக் கூப்பிடுவோம்."

"முதல்ல முடி" என்றாள் சுனில்டா.

வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு முன்னறைகளுக்குப் போய் விரிப்புகளை எல்லாம் உருவினாள். துவைத்துக் கொடி முழுக்கக் காயப்போட்டாள். கடைசியாக அந்தத் துண்டு. நார்த்தங்காயை நறுக்கினாள், சாறு பிழியக் கையில் எடுத்தாள். மூலையில் இருந்த பச்சையைப் பார்த்தாள். நார்த்தங்காயைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை அப்படியே மடித்தாள். கறை மேல்பக்கம் தெரியும்படி, அலமாரியில் மற்றவற்றுக்கு மேலே வைத்தாள்.

மாலையில் வீடு பழையபடி அடங்கியது. தாழ்வாரத்தில் ஜெருத்தியின் தலைக்கிளிப் ஒன்று கிடந்தது, எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் ஊற்றைப் புனித தோமாவுக்கு விட்டாள். அடுத்தது தனக்கு, அதற்கடுத்ததும் தனக்கு. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. ஜாடியை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் உள்ளே போய் ஐஸை உடைத்தாள்.